கெடாத வலை

மாசி 9, செவ்வாய்

கப்பல்காரர் அனுப்பிய சட்டத்தரணி இன்று எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வந்திருந்தான். அவர்களுடைய கப்பல் கற்பார்ப் பாறையில் ஏறி எண்ணெய் கொட்டி மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து எங்கள் ஊர் தொண்டைமானாற்றில் ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை.

என்னை ஏதோ சொந்தக்காரன் போல விசாரித்தான். "அண்ணை, உங்கடை வலையில எண்ணெய் பட்டதோ?"

"ஒரு கண்ணிலயும் படேல்லை. எண்ணெய் வருகுதெண்டு கேள்விப்பட்ட உடனை முழுக்க இழுத்துக் கரையேத்திப்போட்டன்."

சபை நடுவில் பெருமையாகத்தான் சொன்னேன். நான் வலை பேணுகிற விதம் ஊருக்கே தெரியும். அவன் அதை அப்படியே எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"பொருள் பழுதானாத்தான் நட்டஈடு, அண்ணை. சும்மா தொழில் இல்லாமப் போனதுக்குக் குடுக்கச் சட்டத்தில இடமில்லை."

பக்கத்து வீட்டுச் செல்வராசா எண்ணெய் வந்த அன்றைக்குக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தான். அவன் வலை கடலிலேயே கிடந்து கறுத்துப்போனது. அவனுக்குப் புது வலை. வலை பழுதானதால் இழந்த உழைப்புக்கும் காசு. வெளியே வரும்போது செல்வராசா என் தோளில் தட்டினான். அந்தக் கையை முறித்திருக்க வேண்டும்.

சோறு போடும்போது மனைவி மெல்லக் கேட்டாள். "எண்ணெய் இன்னும் கரையிலதானே கிடக்கு. எங்கடை வலையையும் ஒருக்காத் தோய்ச்சு எடுப்பமோ?"

"விசர்க்கதை கதையாதை" என்று எரிந்து விழுந்தேன். நேர்மையால் அல்ல. கையெழுத்து வைத்ததை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.