உறைமேல் எழுதிய பெயர்

தாராவி, பம்பாய்
12-4-1964

அன்புள்ள அக்காவுக்கு,

பேராச்சி வணக்கத்துடன் எழுதுவது. நான், இசக்கி, அவுக மூன்று பேரும் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? வெயிலுமுத்து மாமா ஊருக்கு வரும்போது தைலம் கொடுத்துவிடுகிறேன்.

சுகம் விசாரித்தாயிற்று. இனி கோபத்தை எழுதுகிறேன்.

இசக்கியை உங்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டீர்களாமே. மே மாதம் மாமா குடும்பத்தோடு ரயிலேற்றிவிட வேண்டுமாம். நேற்று கை கழுவிக்கொண்டே அவுக சொன்னாக. "அவளுக்கும் ஒரு பிள்ளை வேண்டாமா, கேக்கிறாள்லா" என்றாக. அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் இரண்டாம் தாரமாக நுழைந்தவள் நான். என்மேல் பொறாமைப்பட உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கும் உங்கள்மேல் பொறாமை உண்டு, அது உங்களுக்குத் தெரியாது. அவுக வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப் ரிஜிஸ்தரில் மனைவி என்ற இடத்தில் உங்கள் பெயர். இரண்டு பெண்டாட்டி என்று தெரிந்தால் சர்க்கார் வேலைக்கு ஆபத்து என்று, பிரசவத்துக்கு ஒர்க்‌ஷாப் ஆஸ்பத்திரியில் என்னை முப்பிடாதி என்றே சேர்த்தாக. நர்ஸ் என் தலைமாட்டில் நின்று "முப்பிடாதி, முக்கு, முக்கு" என்று சத்தம் போட்டாள். முக்கியது நான். பிறப்புச் சீட்டில் தாய் நீங்கள்.

அன்றிலிருந்து வரிசை அறைகளான இந்தச் சாலில் எல்லாருக்கும் நான் முப்பிடாதிதான். பக்கத்து அறை நஜ்முன்னிசாவின் புருஷனுக்கும் அதே ஒர்க்‌ஷாப், அதனால் மாற்றிச் சொல்ல வழியில்லை. அவுக "ஏட்டி" என்பதோடு சரி. என்னைப் பேராச்சி என்று கூப்பிடுவது உங்கள் கடிதம் ஒன்றுதான். அந்தக் கையாலேயா என் பிள்ளையைக் கேட்டீர்கள்? அந்தச் சீட்டு இருக்கிற தைரியமா?

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் இசக்கி வரமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


கடையம்
21-4-1964

பேராச்சிக்கு,

அக்கா எழுதுவது. மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. தைலத்தை நீயே வைத்துக்கொள்.

நான் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் நான் எதையாவது கேட்டதுண்டா என்று அவுகளிடமே விசாரி. தினம் ஆயிரம் பீடி சுற்றுகிறேன். என் சோற்றை நான் தின்கிறேன். இந்தத் தெருவில் எவளும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லிவிட முடியாது.

பங்குனியில் அவுக கடிதம் வந்தது. உனக்கு ஓயாத இருமலாம், பிள்ளையைப் பார்க்க முடியவில்லையாம். "அக்காவிடமே வளரட்டும் என்று பேராச்சியே சொல்கிறாள்" என்று எழுதியிருந்தாக. நான் நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு. பாவாடைக்குத் துணி எடுத்தேன். அளவு தெரியாமல் எதிர்வீட்டுப் பிள்ளையை நிறுத்திவைத்துத் தைத்தேன். பின்பக்கம் கிணறு இருக்கிறதே என்று கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். இப்போது தினமும் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து மூடுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. நீ கேட்டுவிட்டாய், எழுதிவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு நான் சம்மதித்ததாக ஊரில் சொல்வார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பந்திக்கு இலை போட்டேன். உன் கழுத்தில் தாலி ஏறும்போது அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பொறாமை இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் இருக்கிறது. அதற்காக உன் பிள்ளையைப் பிடுங்குவேனா? பெற்றவள் மனசோடு கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். ரிஜிஸ்தரைக் காட்டி வாங்குகிறவள் முப்பிடாதி இல்லை.

இனி என்னிடம் எதையாவது கேட்க வேண்டுமானால் கோபமில்லாமல் கேள்.

முப்பிடாதியம்மாள்


தாராவி
3-5-1964

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரே வரியில் முடிக்கிற விஷயமில்லை, ஆனால் அதை முதலில் எழுதவேண்டும்.

உங்கள் கடிதத்தை அவுக சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்துவைத்தேன். படித்துவிட்டுத் தட்டை ஒதுக்கிவைத்தாக. பிறகு சொன்னாக: "ஊருக்குப் போய் அவ முகத்தைப் பாக்கும்போதெல்லாம் நான் குறுகிப்போறேன் ஏட்டி. ஒரு பிள்ளையைக் குடுத்தா சரியாப்போகும்னு நெனச்சேன். நேரே சொன்னா நீ விடமாட்டே, அவளும் வாங்கமாட்டா."

"உங்க மனசு ஆற என் பிள்ளையா கெடச்சுது?" என்று கேட்டேன். அவுகளுக்கு நம் இரண்டு பேரிடமும் பயம், அக்கா. பயந்த மனுஷர் பொய் சொல்கிறார். அதை நான் மறந்துவிடுவேன் என்று எழுதவில்லை.

இப்போது வேறொன்று. ஜூனில் இசக்கியை முனிசிபல் பள்ளிக்கூடத்தில், தமிழ் வகுப்பில் சேர்க்கவேண்டும். பிறப்புச் சீட்டைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள். "இருக்கிறபடியே இருக்கட்டும், பேருதானே" என்கிறாக. எனக்கு அது வெறும் பேரு இல்லை. ஆஸ்பத்திரியில் வலியில் சும்மா இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் அழியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் உங்களுக்கு ரோஷம் வரும். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மனசு அடங்கமாட்டேன் என்கிறது. நாளைக்கு உங்களுக்கு வயசாகி, தனிமை தாங்காமல், அந்தச் சீட்டை நினைத்துக்கொண்டால்? பிள்ளை தூங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுக்கிறேன். கோபமில்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் தங்கை


கடையம்
19-5-1964

பேராச்சிக்கு,

ரோஷம் வந்தது. இரண்டு நாள் பீடி ஓடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கிராம முன்சீப் வீட்டுக்குப் போனேன். இதோடு ஒரு தாள் இருக்கிறது. பத்திரம். தபாலில் நனைந்தாலும் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"கடையம் நம்பிராஜனின் மூத்த மனைவி முப்பிடாதியம்மாளாகிய நான் எழுதிக்கொடுப்பது. எனக்குக் குழந்தை பிறந்ததில்லை. 1958 ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் தேதி நான் கடையத்தில் என் வீட்டில் இருந்தேன். அன்று பம்பாயில் பிறந்த பெண் இசக்கியம்மாளைப் பெற்ற தாய், 1954 ஆவணியில் மேற்படியாரை மணந்த என் தங்கை பேராச்சியம்மாள். அந்தப் பிள்ளைமேல் எனக்கு எக்காலத்திலும் பாத்தியதை இல்லை."

அவுக பெயரை வாயால் சொன்னதில்லை, முன்சீப்புக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டாம் வரியை எழுதும்போது முன்சீப் பேனாவை நிறுத்திவிட்டார். "இதையும் எழுதணுமா தாயி?" என்றார். "எழுதுங்க. ஊரே சொல்றதுதானே, நான் சொன்னா என்ன" என்றேன். சாட்சிக் கையெழுத்துக்கு வந்த இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன், கைநாட்டு வைக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு படித்தவள் நான்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுவிட்டுப் பீடிச் சுளகை மடியில் எடுத்துவைத்தேன்.

இதை ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதும் பெட்டியில் பூட்டுவதும் உன் இஷ்டம். இனி என்னை நினைத்து நீ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படுக்கவேண்டாம்.

இதுவரை உறைமேல் அவுக பெயரை எழுதினேன். இந்தத் தடவை உன் பெயர். ரிஜிஸ்தர் தபால். நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். பாவாடையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியில்லை என்றால் எழுது.

அக்கா முப்பிடாதியம்மாள்


தாராவி
16-6-1964

அன்புள்ள அக்காவுக்கு,

பாவாடை ஒரு விரல்கடை நீளம். மடித்துத் தைத்தேன், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். அதைக் கட்டிக்கொண்டுதான் இசக்கி பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் சீட்டைப் பார்த்து, "தாயார் முப்பிடாதியம்மாள், சரிதானே?" என்றார். "இல்லை, தாயார் நான், பேராச்சியம்மாள்" என்று உங்கள் தாளைக் கொடுத்தேன். டீச்சர் இரண்டு தடவை படித்தார். "இந்த அம்மாளை நான் பார்க்கவேண்டும்" என்றார். பிறகு என் பெயரை எழுதினார். மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவுக இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "அவ எழுதின தாளை இங்கே குடு. எவனாவது சொல்றதுக்கு முன்னாடி நானே ஆபீஸ்ல சொல்லிடுதேன்" என்றாக. என்ன ஆகும் என்று தெரியாது. போகும்போது முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் போனாக. அன்றைக்குத்தான் அவுகமேல் எனக்குப் பழைய பிரியம் கொஞ்சம் திரும்பியது. பெரிய சாகேப் விசாரணை என்று சொல்லியிருக்கிறாராம். வருவது வரட்டும்.

உங்கள் தபால் வந்த நாளைக் கடைசியாக எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம், சால் முழுக்கக் குடத்தோடு வெளியே நிற்கிறது. தபால்காரர் சந்து முனையிலிருந்து, "பேராச்சியம்மாள் கோன் ஹை?" என்று இந்தியில் கூப்பிட்டு, யார் என்று கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. "இஸ் நாம் கா கோயி நஹி" என்று, அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று, நஜ்முன்னிசா சொன்னாள். தபால்காரர் திரும்பிப் போகப் பார்த்தார்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை சந்து முழுக்கக் கேட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நஜ்முன்னிசா வாயைத் திறந்தபடி பார்த்தாள். "அரே பாபி, ஃபிர் முப்பிடாதி கோன் ஹை?" என்று கேட்டாள். அப்போ முப்பிடாதி யார் என்கிறாள்.

எல்லாரும் கேட்கிறபடி சொன்னேன், அக்கா. "மேரி படி பெஹன், என் அக்கா. அவுகளுக்கு மூத்த தாரம். கடையத்தில் தினம் ஆயிரம் பீடி சுற்றுகிறவள். இது அவள் பெயர். இத்தனை நாள் நான் வைத்திருந்தேன்."

இப்படிக்கு,
பேராச்சியம்மாள்