அறுத்தது நீ, பிடித்தது நான்

உன் கருவிப் பெட்டியைத் திறந்ததும் கட்டிங் ஆயில் வாடை முகத்தில் அடித்தது. உன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் வாடை. உன் மனைவி நேற்று ஆட்டோவில் ஈஜிபுராவில் என் வீடுவரை சுமந்துவந்து கொடுத்தார். "நீங்களே வச்சுக்கோங்கண்ணா. இது உங்ககிட்டதான் போகணும்னு ஆஸ்பத்திரில கூட சொல்லிட்டே இருந்தாரு."

அவர் போனபின் உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தேன்.

மர்பி டவுனில் உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் நம் பட்டறை. வாரமெல்லாம் ஒரே ஆபீஸில் கணினியைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் இரும்பைத் தொட்டால்தான் நமக்கு உயிர் வரும். சொந்தமாகச் சைக்கிள் செய்யலாம் என்று ஆரம்பித்தோம். இரும்பு அறுக்கும் ரம்பச் சட்டம் ஆளுக்கொன்று. ஒருவர் சட்டத்தை மற்றவர் தொடக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். எஸ்.பி. ரோட்டில் பிளேடு பார்த்து வாங்குவதும், இரண்டு சட்டத்திலும் மாட்டுவதும் உன் இலாகா. நான் எதையும் கேட்டதில்லை. நீ இருக்கும்போது நான் ஏன் கேட்கவேண்டும்?

முதலில் நானும் நன்றாகத்தான் அறுத்தேன். எனக்கு டீம் லீட் பதவி வந்தபோது நீதான் முதலில் வந்து கட்டிக்கொண்டாய். இரண்டு பேருமே எதிர்பார்த்திருந்த பதவி. அந்த மழைக்காலத்திலிருந்துதான் என் பிளேடுகள் ஒடியத் தொடங்கின. சைக்கிளுக்கான மெல்லிய குழாயில் வைத்து இழுத்தால் போதும், வெடுக்கென்று மாட்டும், பல் கொட்டும். நீ பக்கத்தில் நின்று வெண்ணெய் வெட்டுவதுபோல் அறுப்பாய்.

"பிளேடுல ஏதாச்சும் கோளாறா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டும் ஒரே பாக்கெட்தான் குரு. கைதான் வேற. உன் கைல அவசரம் ஜாஸ்தி. விடு, நீ பிடி, நான் அறுக்கறேன்."

பிடித்தேன். வருஷக்கணக்கில் பிடித்தேன். சைக்கிள் ஓடியபோது தெருவே வந்து பார்த்தது. "அறுத்தது நான், பிடிச்சது இவன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன், மடையன்.

பெட்டியில் இரண்டு பிளேடு பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றில் பொடிப் பல், மற்றதில் பெரும்பல். உன் சட்டத்தில் பொடிப் பல் இன்னும் மாட்டியபடி இருந்தது. நீ கடைசியாக மாட்டிவிட்ட பிளேடோடு வீட்டில் கிடந்த என் சட்டத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். பெரும்பல். மெல்லிய குழாய்க்குப் பொடிப் பல்தான் வேண்டும், பெரும்பல் முழுக்கம்பிக்கு ஆனது, குழாயின் விளிம்பில் அது மாட்டி ஒடியும் என்று மொபைலில் தேடியதும் வந்தது. இது உனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியாமல் மாட்டினாய் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் உன் சட்டத்தில் ஒருநாள்கூடத் தவறிப்போய்ப் பெரும்பல் ஏறவில்லையே.

பதவி உறுத்தியிருந்தால் என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஞாயிறுதோறும் உன் வீட்டு டீயைக் குடிக்கக் கொடுத்து, என் கையையே நான் நம்பாதபடி செய்துவிட்டாயே. அதை எப்படிடா பொறுப்பேன்? கடைசியில் வாயால் சொல்லத் துணிவில்லாமல் பெட்டியை அனுப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். கோபத்தைக் கொட்ட ஆள் இல்லாமல் நான் இங்கே நிற்கிறேன்.

இன்று காலை பால்கனியில் வைஸைப் பூட்டி, மிச்சமிருந்த குழாய் ஒன்றை அதன் தாடையில் வைத்து இறுக்கினேன். உன் சட்டத்தைத் தொட்டேன், முதல்முறையாக. பொடிப் பல் முனகக்கூட இல்லை. நேராக, சுத்தமாக அறுந்தது. என் கையில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆனால் ஒன்று. வைஸ் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தும், அறுக்கும் நேரம் முழுக்க என் இடது கை சட்டத்தை விட்டுவிட்டுக் குழாயின் மறுமுனைக்கே போனது, நீ அறுப்பதற்காகப் பிடித்துக்கொள்ள.