பிரிக்காத மெத்தை

எப்போதும் என் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அத்தானும் சுகம். பத்து நாள் பயிற்சி இன்றோடு முடிந்தது. மின்சார பஸ் ஓட்டும் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். நாளைக் காலை ரயிலேறுகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. பயப்படாமல் முழுக்கப் படி. போனில் சொன்னால் பாதியில் நீ அழுதுவிடுவாய், நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன்.

அத்தான் இங்கே தங்க வருகிறார் என்று சொன்ன அன்றே, "அவர் காதுக்கு எதுவும் போகக் கூடாது, அப்புறம் உன்னை நம்ம வீட்டு வாசப்படி ஏற விடமாட்டார்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாய். நாங்களும் கேட்டோம். துணி தேய்க்கிற சின்ன அறையைக் காலி செய்து, கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டு, அதற்கு 'வாத்தியார் அறை' என்று பெயர் வைத்தோம். கதை இதுதான்: வாத்தியார் என்னோடு குடியிருக்கும் நண்பர், அத்தானுக்காகத் தன் அறையை விட்டுக்கொடுத்து, பத்து நாள் என் அறையில் படுத்துக்கொள்கிறார். கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் இருவர் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன்.

வாத்தியார் நீச்சல் சொல்லிக்கொடுப்பதில் புலி. நடிப்பில் பூஜ்யம். அத்தான் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து என்னை 'சார்' போட ஆரம்பித்துவிட்டார். "சார், பாத்ரூம் காலியா சார்?" என்று சொந்த வீட்டில் கேட்கிறார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலி வந்துவிட்டது.

மூன்று நாள் எப்படியோ ஓட்டினோம். நான்காம் நாள் காலை சாப்பிடும்போது அத்தான் தட்டைப் பார்த்தபடியே வாத்தியாரைக் கேட்டார். "அந்த ரூம்ல எத்தன வருஷமா இருக்கீங்க?"

"ஒம்பது வருஷமா, சார்."

"ஒம்பது வருஷமும் புரளாமயே படுத்தீங்களா? நான் ஒரு தடவ புரண்டா தெருவே முழிச்சிக்கும்போல இருக்கு. மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கலையே."

உறை கிழியாமலிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மேலே விரிப்பைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார் வாத்தியார். உண்மைதான், தெரியவில்லை. கேட்டது.

அத்தான் கை கழுவிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார். அன்று எனக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட்டின் கூரை மேல் உட்கார்ந்துகொண்டு ஒரே திருகாணியை மூன்று முறை கழற்றி மாட்டினேன். உன்னிடம் என்ன சொல்வது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அக்கா, எங்கள் வாழ்க்கையில் அப்படி மறைக்கிற மாதிரி என்னதான் இருக்கிறது? வாத்தியார் ஈரத்துண்டை நாற்காலியில் போடுவார், நான் கத்துவேன். நான் காலணியை நடுவாசலில் விடுவேன், அவர் கத்துவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சன்னல் துடைப்போம். ஆனால் "வீட்ல யாரெல்லாம்?" என்று புதிதாக ஒருவர் கேட்டால், வாய் திறப்பதற்குள் அவர் முகத்தை ஒரு முறை அளந்து பார்த்துவிடுகிறேன். உண்மை சொல்லலாமா, பாதி சொல்லலாமா, பேச்சை மாற்றலாமா. பதினைந்து வயதில் தொடங்கிய பழக்கம். சில நாள் வேலையை விட இதில்தான் அதிகம் களைத்துப்போகிறேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. "மாப்ளே, ஒரு கத்தரிக்கோல் குடு" என்றார். கொடுத்தேன். மெத்தையை நிமிர்த்தி வைத்து, அந்த உறையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கிழித்துச் சுருட்டி மூலையில் எறிந்தார். "இனிமேலாவது மனுஷன் தூங்கலாம்." பிறகு கூடத்துக்கு வந்து சுவரைக் காட்டினார். "அந்த ஆணில என்ன மாட்டியிருந்தீங்க?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் போய்ப் படத்தை எடுத்து வந்தேன்.

அத்தான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷமா கண்ணாடில பின்சீட்டப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுறேன். யாரு யாரோட வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? வந்த மறுநாளே தெரிஞ்சிடுச்சு. நீயா சொல்வேன்னு பாத்தேன்." அடுத்ததாக, "உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல முடியவில்லை, அக்கா. பதினோரு வருடமாகத் தெரியும் என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் வாடியது. "நாலு எடத்துல உனக்குப் பொண்ணு கேட்டு நடந்தேனேடா. உங்க அக்காவும் தலையச் சீவிக்கிட்டு என்கூடவே வந்தாளே. வீட்ல நான் ஒருத்தன்தான் வெளியாளா?" என்றார். வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். வந்ததும், "உங்கள மாதிரி ஆளுங்களுக்குப் பேரு என்ன?" என்று விசாரித்தார். தன்பாலீர்ப்பாளர் என்பார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "அவ்ளோ நீளமா? பஸ் போர்டுல எழுதினா எடம் பத்தாதே!" என்றார். முதலில் சிரித்தது வாத்தியார். அந்தச் சிரிப்பில் 'சார்' ஒழிந்தது.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இரண்டு நாள் அளந்துதான் பேசினார். இதெல்லாம் தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவராகவே நீச்சல்குளத்துக்கு வருகிறேன் என்று கிளம்பினார். ஐம்பத்தாறு வயதில், வாத்தியாரின் கால்சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முதுகுக்கடியில் வாத்தியார் கையைக் கொடுத்து, "மூச்ச இழுத்து விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மெல்ல கையை எடுத்துவிட்டார். அத்தான் கண்ணை மூடியபடி மிதந்தார். பிடித்திருக்கிறாரா என்று கேட்கக்கூட இல்லை. நான் கரையில் நின்று கை தட்டினேன். என்னவோ உலகமே என்னுடையது போலிருந்தது.

இன்று பயிற்சி முடிவுக்கு வீட்டுக்காரர்களை அழைத்து வரலாம் என்றிருந்தார்கள். அத்தான் எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். சத்தமே இல்லாத பஸ்ஸில் எங்களை உட்காரவைத்து இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார். இறங்கியதும் அவருடைய பயிற்சியாளர் எங்களை யார் என்று கேட்டார். வழக்கம்போல் அவர் முகத்தை அளக்க ஆரம்பித்தேன். அத்தான் என் தோளில் கை போட்டு, "இவன் என் மச்சினன்" என்றார். வாத்தியாரைப் பார்த்தார். "இவரும் மச்சினன்தான். எனக்கு ரெண்டு பேரு."

பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவ்வளவுதான், அக்கா. வானம் இடிந்து விழவில்லை. வாத்தியாரை அவருடைய வீட்டார் கதவுக்கு வெளியே நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் அவரை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவிட்டு, "மச்சினனாம்" என்றார். சாப்பிடும்போது மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அத்தானுக்கு உன்மேல் கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எதிர்த்துப் பேசாதே, ஒரு நாள் கத்தட்டும். எனக்காக நீ எவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தாய் என்பதை நான் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டார். இனி அந்தக் காவல் உனக்கு வேண்டாம், அக்கா. நிம்மதியாகத் தூங்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பதினோரு வருடத்தில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருக்கிறாய், என் முதுகுவலியைக் கேட்டிருக்கிறாய். அடுத்த முறை பேசும்போது, வாத்தியார் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேள். மிக நன்றாக இருக்கிறார். ஆனாலும் நீ கேட்கவேண்டும்.

நீயும் அத்தானும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்பை விட்டு ஒருநாளும் விலகாத,
தம்பி