கோமதி பார்த்த அம்மா

அண்ணே,

இன்றைக்குக் குற்றாலத்தில் நல்ல சாரல். பழக்கடைக்காரர் கூரைமேல் விரித்திருந்த தார்ப்பாயிலிருந்து எழுந்த ஈர வாடை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. குத்துக்கல்வலசைப் பக்கம் போட்டிருந்த டூரிங் சினிமாக் கொட்டகையின் வாடை. நீ கண்ணை மூடியபிறகு இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

மதினி இரண்டாம் பிரசவத்தில் சிசுவோடு இறந்த வருஷம் அது. கோமதிக்கு நாலு வயது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தோம். பிள்ளை சிரித்தே மாதக்கணக்காகிவிட்டதே என்று, நீ அரிசி மில்லிலிருந்து நேரத்தோடு வந்து அவளையும் என்னையும் அந்தக் கொட்டகையில் ஓடிய படத்துக்கு அழைத்துப் போனாய். நல்ல குடும்பப் படம். மறதிக்கார அப்பா, வாலுப் பிள்ளைகள், அத்தனை பேரையும் கட்டி மேய்க்கும் ஓர் அம்மா. அந்த அப்பா சந்தையில் சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கொட்டகையே குலுங்கியது. கோமதி மணலில் புரண்டு சிரித்தாள். நாம் படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா அடுக்களையிலிருந்து வந்து சிரித்தாள்.

"அத்தே, அம்மா! அம்மா இங்கன இருக்கா!"

மதினியின் சாயல் இருந்தது உண்மைதான். நீ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும்.

"அது அம்மா இல்லன்னு சொல்லிருண்ணே."

"நீ சொல்லேன் பாப்போம்," என்றாய். என்னாலும் முடியவில்லை.

படத்தில் அந்த அம்மா கடைக்குட்டியை மடியில் இருத்தித் தலைவாரும் இடம் ஒன்று வரும். ஒருநாள் கோமதி அதைக் கவனித்துவிட்டாள். "அந்தப் பிள்ள யாரு அத்தே? அம்மா என்னைய விட்டுட்டு அவளுக்கு ஏன் தல சீவுதா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

பிறகு படம் கடையம் ஊர்க் கொட்டகைக்குப் போய்விட்டது. பிள்ளை சோறு தின்னாமல் அழுதாள். நாமும் ரயிலேறினோம். அங்கே படம் முடிந்து கூட்டம் எழுந்தபோது அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். திரைக்கு ஓரமாக நுழைந்து பின்பக்கம் போய்விட்டாள். நாம் போய்ப் பார்த்தால், திரையைக் கட்டியிருந்த கழிகளையும் வெறும் கட்டாந்தரையையும் பார்த்தபடி நிற்கிறாள்.

"அப்பா, அம்மா எங்கன போய்ட்டா?"

நீ மண்ணில் குந்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாய். "அம்மா செத்துப்போயிட்டா தாயி. இனி வரமாட்டா."

"அப்போ இது?" என்று அந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள்.

நீ அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். திரும்பும் ரயிலில் அவள் உன் மடியிலேயே தூங்கிப்போனாள். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகு நீ எந்தப் படத்துக்கும் போகவில்லை.

கோமதிக்கு இது எதுவும் நினைவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்து இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் வயிற்றைத் தடவிக்கொண்டே, "எங்கம்மா எப்படி இருப்பா அத்தே?" என்று கேட்டாள். மதினியின் போட்டோ ஒன்றுகூட நம்மிடம் இல்லையே. "நெத்தி அகலமா இருக்கும். சிரிச்சா எடது கன்னத்துல குழி விழும்," என்று சொல்லத் தொடங்கியவள் நிறுத்திவிட்டேன். அந்தக் குழி மதினிக்கா, திரையில் வந்தவளுக்கா? இரண்டு முகமும் எனக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. பிரிக்க முடியவில்லை அண்ணே. உனக்குத் தெரியும். நீ இல்லை.

கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைய மாதிரியேதான் இருப்பா தாயி," என்றேன்.

அவள் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்துப் பார்த்தாள். கன்னத்தில் குழி விழுகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.