மேசை அதிராத வருடம்

லாச்சப்பல், பாரிஸ்
யூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வின்சன்றுக்கு,

நீ வேலைக்குப் போயிருக்கிற அந்தத் தீவில் உன்னைக் காய்ச்சல் தலையிடி ஒன்றும் அண்டாமல் மாதா காக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை. என் முழங்கால் படியேறும்போது நோகிறது, அப்பாவுக்கு டொக்டர் பிறஷர் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார், அதெல்லாம் வழமையான பல்லவி. வழமையில்லாதது என்னவென்றால், உன் அப்பா இப்போது கறியில் உப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒருநாளாவது என் கறியைக் குறை சொல்லாமல் விட்ட மனுசனா அவர்? அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போனில் எங்கள் பந்துக் கிளப்பைப் பற்றிக் கேட்டபோது பிறகு கதைப்போம் என்று வெட்டிவிட்டேன். போனில் என்றால் நீ பிரெஞ்சில் கேட்பாய், நான் தமிழில் அழுவேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால்தான் கடிதம். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேனே, அதற்குக் கூலியாக எழுத்துக்கூட்டியாவது இதைக் கடைசிவரை வாசி.

ஸ்தெல்லா இனி இல்லை, ராசா. நீ சின்னப் பொடியனாகச் சேர்ந்து, கப்டனாக நின்று விளையாடிய ஸ்தெல்லா அல்ப்பீனாவைப் பக்கத்து நகரத்துப் பெரிய கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தார்கள் என்பது பேச்சுக்கு. பாலில் போட்ட சீனிக்கு இனி என்ன பெயர்? பச்சைச் சட்டை போய்விட்டது, அதன் நெஞ்சில் இருந்த வெள்ளைப் பூவும் போய்விட்டது, பிள்ளைகள் செப்டெம்பரிலிருந்து நீலச் சட்டையோடு போவார்கள். ஒருவரும் பறிக்கவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை, நாங்களே தூக்கிக் கொடுத்தோம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

உனக்குப் பந்து தெரியும், ஆனால் அந்தக் கிளப் எங்கிருந்து வந்ததென்று முழுதாகத் தெரியாது. ஆண்கள் நீங்கள் எல்லாரும் கோல் கணக்கைத்தான் கதைத்தீர்கள். நான்தான் கிளப் குசினியில் வடை சுட்டபடி தலைவர் அத்தீலியோவிடம் கேட்டுக் கேட்டு வைத்தேன். நீங்கள் பிள்ளைகள் நொன்னோ என்று கூப்பிடுவீர்களே, அவர்கள் பாஷையில் தாத்தா, அவரேதான். அவருடைய தகப்பன் இத்தாலியில் பெர்கமோ மலைப்பக்கத்திலிருந்து இங்கே சுவருக்குச் சாந்து பூச வந்தவர். கிழமை முழுக்க இந்த ஊர் வீடுகளைப் பூசிக் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்ப் பொடியன்களோடு பந்து விளையாடக் கேட்டால் மட்டும் கூடாது, மக்கரோனி தின்னிகள் என்று துரத்துவார்களாம். அப்படித்தான் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் கோல் கம்பங்கள் வேலைத்தலத்துச் சாரக்கம்புகள். பெயர் அவர்கள் மலையில் பூக்கும் ஒரு பூவின் பெயர். கொஞ்சக் காலத்தில் முசோலினியின் ஆட்கள் வந்து, கறுப்புச் சட்டை போட்டு விளையாடுங்கள், பந்தும் சப்பாத்தும் புதிதாகத் தருகிறோம் என்றார்களாம். அன்று தலைவராக இருந்த அத்தீலியோவின் தகப்பன் அதைச் சபையில் வைத்து, யாருக்குச் சம்மதம் என்று கேட்டுவிட்டு, பகிடிக்குத் தன் கையை மட்டும் தூக்கினாராம். மற்ற எல்லாரும் மேசையில் மும்முறை அடித்து, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று கத்தினார்களாம். பிறகு யுத்தம் வந்தது, இத்தாலி எதிரிப் பக்கம் போனதால் இவர்கள் இங்கே எதிரிகளானார்கள், சிலரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், கோல் கம்பங்கள் குளிருக்கு விறகாகின. யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் மறுபடி சாரக்கம்பு நட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதப் பொதுக்கூட்டத்தில் அந்தக் கறுப்புச் சட்டைக் கூட்டத்தைத் திரும்பச் செய்து காட்டுவது அன்று தொட்டு வழக்கம். தலைவர் எழும்பி, கிளப்பைக் கொடுத்துவிடுவோமா என்று கேட்டுத் தன் கையைத் தூக்குவார், மற்றவர்கள் மேசையை உடைப்பது போல அடிப்பார்கள், அதற்குப் பிறகுதான் வைன் போத்தல் திறக்கும். கடைசிச் சில வருடங்களாகப் பெரிய கிளப் ஸ்தெல்லாவை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தபடியால், அத்தீலியோ அவர்களுடைய வேண்டுகோளையே வாசித்துவிட்டுக் கையைத் தூக்குவார், இவர்கள் இன்னும் பலமாக அடிப்பார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் பிள்ளைகளில் நீ ஒருவன்தான் இத்தாலியருக்கு நடுவில் போய் இருந்து மேசையில் அடித்தவன். பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் என்ன கத்தல் என்று அப்பா உன் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கார் து நோர் ரயில் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். ஞாயிறுகளில் போக இடமில்லாமல் மைதான வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, ஆள் குறைந்த ஒருநாள் அத்தீலியோதான் கை காட்டி உள்ளே கூப்பிட்டார். விளையாடி முடிந்து சோளமாக் களி சாப்பிட்டதும் அப்பா பழக்க தோஷத்தில் கோப்பைகளைக் கழுவ எழும்பினாராம். அத்தீலியோ தடுக்கவில்லை, துணியோடு பக்கத்தில் வந்து நின்று துடைத்தாராம், இங்கே கழுவுகிறவன்தான் வீட்டுக்காரன் என்றாராம். அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் சனம் பொபினியிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. இத்தாலியப் பிள்ளைகள் படித்துத் தூர இடங்களுக்குப் போனார்கள், கிழவர்கள் ஒவ்வொருவராக மண்ணுக்குப் போனார்கள். பார்த்துக்கொண்டிருக்க ஸ்தெல்லா எங்கள் பிள்ளைகளின் கிளப்பாகிவிட்டது. அது எல்லாருக்கும் தெரிந்தது, எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டில்தான் எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். கிளப்பைக் குடுக்கேலாது, கிறிஸ்தோப்பர் அண்ணை, நீங்கள் எழும்பிச் சொல்லுங்கோ, நாங்கள் பின்னாலை நிக்கிறம் என்று ஒரே குரல். எங்கள் ஆட்கள் பின்னால் நிற்பதில் கெட்டிக்காரர்தானே. அப்பாவும் ஓம் ஓம் என்றார். அடுத்த நாள் கூட்டத்தில் பெரிய கிளப்பிலிருந்து மாக்சிம் என்று ஒரு பொடியன் நேரிலேயே வந்திருந்தான், நல்ல மரியாதையான பிள்ளை, முடிவைத் தெரிந்துகொண்டு போக வந்தானாம். மேசையில் அடிக்கிற இத்தாலியர் ஒருவரும் இல்லை. ஒருவர் மாசியில் கண்ணை மூடிவிட்டார், ஒருவர் நீஸில் மகளோடு, மற்றவர் ஆஸ்பத்திரியில். அத்தீலியோ ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினார். எனக்கு வயது போய்விட்டது, களைத்துவிட்டேன், கொடுத்துவிடுவோமா, யாருக்குச் சம்மதம் என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். மேசையில் மூன்றாவது அடி விழுந்ததும் நான் பொரித்த ரோல்ஸ் தட்டை உள்ளே கொண்டுபோவது என் வேலை. நான் தட்டை ஏந்திக்கொண்டு கதவடியில் நிற்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. அவர் ஆளில்லாத அந்த இத்தாலியர் கதிரைகளைப் பார்த்தார், பிறகு உன் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நான் அங்கத்தவரில்லை, வந்தவன் முன்னால் புருசனை மீறி வாய் திறப்பதும் அழகில்லை என்று நானும் பேசாமல் நின்றேன். எனக்கும் அதே வியாதிதான். அப்போது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, மெல்லக் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்துப் பின்னால் நிற்கிறோம் என்ற அத்தனை பேரும் தூக்கினார்கள். அத்தீலியோ தன் கையை இறக்கினார். பிறகு நன்றி சொன்னார், கையெழுத்து வைத்தார், எல்லாருக்கும் கைகொடுத்தார். என் ரோல்ஸ் ஒன்றுகூடத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். அவர் சொன்ன விளக்கம் இது. நாங்கள் ஆரப்பா, அது அவையின்ரை தேப்பன்மார் கட்டின கிளப், அந்த மனுசனே களைச்சுப் போனன் எண்டு சொல்லேக்கை வெளியாள் முன்னாலை நான் எழும்பி மறுக்கிறதே, கிறிஸ்தோப்பருக்குத் தலைவர் கதிரையிலை ஆசை வந்திட்டுது எண்டெல்லோ சனம் சொல்லும் என்றார். சரி, வாயை மூடியதற்கு இது காரணம் என்று வைத்துக்கொள்வோம். கையை ஏன் தூக்கினீங்கள் என்று கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அடுத்த கிழமை நாலைந்து பேர் போய் மாற்ற முடியுமா என்று மாக்சிமைக் கேட்டார்கள். அந்தப் பிள்ளையும் பாவம், எல்லாரும் கை தூக்கினீர்களே, பதிந்தாகிவிட்டதே என்றானாம். பொபினி யசோதாவோ, போனது போகட்டுமக்கா, அவை பிள்ளையளுக்கு நல்ல சப்பாத்துக் குடுக்கினம் என்று ஆறுதல் சொல்கிறாள். அவளோடு நான் இப்போது அளவாகத்தான் கதைக்கிறேன்.

நான் அத்தீலியோ வீட்டுக்கு ஆட்டெலும்பு சூப் கொண்டு போனேன். ஒடிந்து போயிருக்கிறார், ராசா. சட்டை தோளில் தொங்குகிறது. இம்மாகுலேற், ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையே, கிளப் உங்களுக்கு அவ்வளவு பாரமாகவா இருந்தது என்று கேட்டார். எங்களில் பெரியவர் ஒருவர் சொன்னால் சபையில் எதிர்த்துப் பேசமாட்டோம், அதுதான் மரியாதை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அதற்கு அவர், எங்களில் எதிர்த்துக் கத்துவதுதான் மரியாதை, இவ்வளவு காலம் நீங்கள் வீட்டுக்காரர் என்று நினைத்தேன், நீங்கள் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டு சொன்னார். அதற்குப் பிறகு வின்சன்ற் இருந்தால் மேசையில் அடித்திருப்பான், இல்லையா என்று உன்னை விசாரித்தார். ஓம் என்றேன். நான் வேறு என்ன சொல்ல? சூப்பை இரண்டு கரண்டி குடித்தார். டொக்டர் இதயம் பலவீனம் என்கிறாராம். அவர் சாப்பாட்டை வெறுத்துவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

உன் அப்பா அவரைப் பார்க்கப் போகமாட்டேன் என்கிறார். போங்கோ எண்டால், எந்த முகத்தோடை போறது என்கிறார். இன்றும் ஞாயிறுதானே, விடிய எழும்பி முகம் வழித்து, மைதானத்துக்குப் போகிற சப்பாத்தைப் போட்டு, பிறகு ஞாபகம் வந்து கழற்றிவிட்டுச் சன்னலடியில் இருக்கிறார். அந்த மனுசனைத் திட்டவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய புத்திகளையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கடலில் சுறா என்கிறார்கள், மற்றவர்கள் இறங்காத இடத்தில் நீயும் இறங்காதே. கடைச் சாப்பாட்டைக் குறை, சோறு வைக்க எத்தனை நேரம் பிடிக்கும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறபோது, எதிர்த்துக் கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்கிவிடாதே. இதை முன்பு உன்னிடம் வேறு மாதிரிச் சொல்லி வளர்த்தேன், இப்போது இப்படிச் சொல்கிறேன். பூசைக்குப் போ. கர்த்தர் உன் வழிகளைக் காத்து, மாதா உன்னைத் தன் மடியில் வைத்திருக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. வருகிற ஞாயிறு பூசை முடிந்து நான் அத்தீலியோ வீட்டில் நிற்பேன். அங்கே கூப்பிடு. என்ன சுகம் என்று சுற்றி வளைக்காதே, அவருக்குக் காது மந்தம், எடுத்தவுடனே மேசையில் பலமாக அடித்து வேண்டாம் என்று கத்து, மும்முறை கத்து. ஒன்றும் மாறாது, கிளப் திரும்பி வராது, எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மனுசன் கண்மூடுவதற்கு முதல் அதை ஒரு வாயிலிருந்தாவது கேட்கட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
இம்மாகுலேற்

அப்பா வழமையாகக் கடைசியில் எழுதுகிற வரிக்கு இடம் விட்டுக் கொடுத்தேன். இவ்வளவு நேரமும் பேனையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறார்.

மகன், அன்று அத்தீலியோவின் கை தனியே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதுதான் நானும் தூக்கினேன். — அப்பா