வாசலில் கழற்றிய காந்தம்

என் நெஞ்சை விட்டுப் போகாத உம்மாவுக்கு,

இன்று ஸுபஹு தொழுததும் முதல் வேலையாக, ஸ்கார்ப் நழுவாமல் இருக்க நான் தோளில் வைக்கும் காந்தங்களை எல்லாம் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கடல் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் அவை மீன் கண்கள் போல மினுங்கின.

உங்களுக்கு அந்தக் காந்தங்களை நினைவிருக்குமா? உங்கள் இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நெடுநேரம் காத்து நிற்கத் தொடங்கிய காலம். தோளெலும்பின் கீழே சின்னப் பெட்டரி ஒன்றை வைத்து, மெல்லிய கம்பியை இதயத்துக்கு விடவேண்டும் என்றார் டொக்டர். நீங்கள் பயந்தது சாவுக்கு அல்ல, அதற்குப் பிறகு நடப்பதற்கு.

"நெஞ்சுக்குள்ள கறண்ட வெச்சிட்டுப் போனா, மையத்தக் குளிப்பாட்டுற பொம்புளயளுக்கு அடிச்சிராதா புள்ள?"

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா, எனக்குச் சிரிப்பு வந்தது. டோச் லைட்டைக் கழற்றி, அதன் பெட்டரியை உங்கள் விரல்களுக்கு இடையில் வைத்தேன். மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும், வழி அறுந்தால் ஓடாது என்றேன். இவ்வளவு சின்ன மின்னழுத்தம் நம் தோலைத் தாண்டாது. இதயமே தனக்கான மின்சாரத்தை உண்டாக்கித்தான் துடிக்கிறது. அது மறக்கும்போது ஞாபகப்படுத்தத்தான் பெட்டரி.

"ஒண்டும் செய்யுதில்லயே," என்றீர்கள், கொஞ்சம் ஏமாந்தவர் போல. பிறகு சம்மதித்தீர்கள்.

காந்தம் கிட்ட வந்தால் அந்தப் பெட்டரியின் போக்கு மாறிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பாடசாலை விட்டு வந்ததும் வாசலிலேயே காந்தத்தைக் கழற்றிவிட்டுத்தான், நீங்கள் விரித்த கைகளுக்குள் வந்து உங்கள் நெஞ்சில் தலை சாய்ப்பேன். மறந்து உள்ளே வந்தால் விடமாட்டீர்கள். "அங்கயே நில்லுகா. எண்ட மெசினக் குழப்பாத."

உங்களைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. பெட்டரி இருந்த அந்தச் சின்ன மேட்டின் மேல் தண்ணீர் ஊற்றும்போது என் கை அங்கேயே நின்றுவிட்டது. உம்மா, யாருக்கும் ஒன்றும் அடிக்கவில்லை. உள்ளே அது இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்ததோ, ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போல?

இப்போது என் முறை. போன கிழமை வகுப்பில், காந்தத்தின் மேல் தாளை விரித்து இரும்புத்தூள் தூவிக்கொண்டிருந்தேன். அடியில் இருப்பது தொடாமலே தூளைக் கோடு கோடாக வளைத்தது. அந்தக் கோடுகளைப் பார்த்தபடியே மயங்கி விழுந்தேன். உங்களுக்கு வந்த அதே நோய், அதே பெட்டரி என்கிறார் டொக்டர். தள்ளிப்போட்டால் ஒருநாள் எழும்பாமலே போகலாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உங்கள் மருமகனுக்கு மயக்கம் என்று மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு அவ்வளவு விளக்கம் சொன்னவளுக்கு இப்போது எதுவும் விளங்கவில்லை. கம்பி சொல்லித் துடிக்கும் துடிப்பு என்னுடையதாக இருக்குமா? நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதபிறகு கடற்கரையில் ஒரு டோச் பெட்டரியை விரல்களுக்கு இடையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் மறுமுனையில் உங்கள் விரல் இருப்பது போலவே இருந்தது.

காலையில் மகள் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு, "என்ன உம்மா, கடை போட்டிரிக்கீங்களா?" என்றாள். சும்மாதான் என்றேன்.

சனிக்கிழமை டொக்டரிடம் ஓம், வையுங்கள் என்று சொல்லப் போகிறேன். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன். மகள் காந்தத்தோடு ஓடிவந்தால் நானும் வாசலில் நிறுத்துவேன். அதைக் கழற்றி வைத்ததும், உங்களைப் போலவே இரண்டு கையையும் விரிப்பேன்.

உங்கள் நெஞ்சின் சத்தம் கேட்டே நித்திரை கொண்ட
இளைய மகள்