நாற்பத்தொரு அடிமைகளும் முப்பத்தொரு மூட்டைகளும்

அனுப்புநர்
யூஃப்ரோசின் லாரோந்த்,
செயலாளர், கொக்கோ விளைவிப்போர் சங்கம்,
மோர்ன் பெர்தீ கிராமம்,
தொமினிக்கா.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஏற்றுமதி - வறுமைக் குறைப்பு இணைப்பு அலகு,
தலைநகர்.

பொருள்: எங்கள் ஊர் கூட்மென் வழக்கத்தைக் கட்டாய வேலை என்று கருதி 31 மூட்டை கொக்கோவுக்கு விதித்த தடையை, 20ஆம் தேதி கப்பலுக்கு முன் நீக்கக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத் தடைக் கடிதம், நாள் 28.11.2022.
2. நான் நிரப்பி அனுப்பிய பதினான்கு பக்கப் படிவம்.
3. திருமதி எர்மின் அளித்த வாக்குமூலம் (கோபத்தில் சொன்னது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சங்கத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். தங்கள் கடிதத்தின்படி நாற்பத்தொரு பேரும் கட்டாய வேலையில் சிக்கியவர்கள். சிக்க வைத்தவள் நான். அந்த நாற்பத்தொரு பேரில் நானும் ஒருத்தி என்பதால், என்னை நானே அடைத்து வைத்திருக்கிறேன் என்று ஆகிறது. இந்த வயதில் எனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருப்பது கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

2. முதலில் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு காலத்தில் எல்லோரும் வாழை போட்டோம். வாழைக்கு ஒரு நிலையான விலை இருந்தது. பிறகு வாழைப்பழ வணிகம் பற்றிப் பெரிய நாடுகள் தங்களுக்குள் வழக்காடின. வழக்காடிய வக்கீல்களில் ஒருவராவது ஒரு தார் சுமந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. தீர்ப்பு வந்தது, விலை போனது, பிள்ளைகள் பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு வேலை தேடிப் போனார்கள். மீதி இருந்தவர்கள் கொக்கோவுக்கு மாறினோம். சென்ற ஆண்டு தங்கள் அலுவலகத்து அதிகாரி திரு. அல்சீத் வந்து, ஏழைகள் விளைவிப்பதை வெளிநாட்டார் வரியில்லாமல் வாங்க ஒரு புதிய ஒப்பந்தம் வந்திருப்பதாகச் சொன்னார். கைதட்டினோம். அதற்கு ஒரு படிவம் உண்டு என்று பிறகுதான் சொன்னார்.

3. படிவத்தை நான் ஒன்பது நாள் நிரப்பினேன். பொய் எழுதக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுதவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

கேள்வி 9: அறுவடைக்கு எத்தனை பேர், நாளொன்றுக்கு எவ்வளவு கூலி? "41 பேர். கூலி இல்லை" என்று எழுதினேன்.

கேள்வி 10: அழைத்தால் வேலையாள் மறுக்கலாமா? இதை மட்டும் சங்கத்தில் வைத்து இரண்டு மணி நேரம் பேசினோம். மறுத்தவர் யாரும் உண்டா என்று யோசித்ததில் எங்கள் ஊர் இலேர் ஒருவர்தான் அகப்பட்டார். ஆகவே "மறுக்கக் கூடாது. ஒருவர் மறுத்தார்" என்று எழுதினேன்.

கேள்வி 11: மறுத்தவருக்கு என்ன தண்டனை? "பதினேழு ஆண்டுகளாக அவர் கூரை ஒழுகுகிறது, யாரும் கைகொடுக்கப் போகவில்லை" என்று எழுதினேன்.

கேள்வி 12: வேலை நேரத்தை முடிவு செய்வது யார்? "சங்கு ஊதினால் தொடங்குவோம். சட்டி காலியானால் முடிப்போம்."

இந்தப் பதில்களை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. ஐயா, கூட்மென் என்றால் கைகொடுப்பது. தாங்களும் இந்தத் தீவில் பிறந்தவர்தான், ஆனால் தலைநகரில் நெடுநாள் இருந்துவிட்டதால் நினைவூட்டுகிறேன். இன்று என் தோட்டத்துக் காய்களை நாற்பது பேர் வந்து பறித்து உடைத்துத் தருவார்கள். நான் உப்புமீனும் சேனைத்தண்டும் பச்சை வாழைக்காயும் போட்டுப் பெரிய சட்டியில் குழம்பு வைப்பேன். நாளை எர்மின் தோட்டத்துக்கு நான் போவேன். இடுப்பு உடைந்து கிடக்கும் அனஸ்தாசியின் தோட்டத்துக்கு எல்லோரும் போவோம். அவரால் திரும்ப வந்து வேலை செய்ய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களைத் திட்டுவார். அதுவும் எங்கள் கணக்கில் கைகொடுப்புதான்.

5. தடைக்கு முன் விசாரணைக்காக, வாங்கும் நாட்டிலிருந்து கடல் கடந்து ஓர் அம்மையார் வந்தார். நல்லவர், வெயிலில் மிகவும் சிவந்துவிட்டார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. அவரை அழைத்து வந்த கார் ஓட்டுநர் மொழிபெயர்த்தார். "உங்களை வற்புறுத்தி வேலை வாங்குறது யாரு? பயப்படாம சொல்லுங்க" என்று அம்மையார் கேட்டதும், எர்மின் எழுந்து என்னைக் காட்டினார்.

"இவதாங்க. அன்னிக்குக் குழம்புல எனக்கு மீன் வாலைப் போட்டுட்டு நடுத்துண்டைத் தன் புருசனுக்கு எடுத்து வச்சா. இவளை மாதிரிக் கொடுமைக்காரி இந்த மலையிலயே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். சிரித்ததைக் கூட, பயத்தை மறைக்கச் சிரிப்பதாக அறிக்கையில் குறித்திருக்கிறார். "வேலையாட்களுக்கு உணவில் பாகுபாடு" என்ற தலைப்பில் அந்த மீன் வால் தங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. வால் போட்டது உண்மை. நடுத்துண்டு பற்றிய குற்றச்சாட்டை மறுக்கிறேன்.

6. கடிதம் வந்த மறுநாளே எர்மின் அழுதுகொண்டு வந்தார். "ஏண்டி யூஃப்ரோ, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன், அந்தப் பொம்பள அதைப் போயி எழுதிக்கிட்டாளே. நான் வேணா தலைநகருக்கு வந்து மண்டி போட்டுச் சொல்லட்டா" என்றார். மண்டி போட்டால் அதையும் நான் வற்புறுத்தியதாக எழுதுவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக அவர் கையெழுத்திட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

7. திரு. அல்சீத் அவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் கனிவாகவே பேசினார். "ஏம்மா இவ்வளவு கஷ்டப்படுறீங்க? ஆளுக்கு இவ்வளவு கூலின்னு ஒரு எண்ணைப் போட்டு வேற படிவம் அனுப்புங்க. யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையாகவே கூலி கொடுக்கலாம் என்றால், நான் நாற்பது பேருக்குக் கொடுக்க வேண்டும், நாற்பது பேரும் எனக்குக் கொடுக்க வேண்டும். இல்லாத பணம் ஊரைச் சுற்றி வந்து என் வீட்டு வாசலிலேயே நிற்கும். அனஸ்தாசி யாருக்குக் கொடுப்பார்?

8. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன். பெரும் புயல் எங்கள் வீடுகளின் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, வறுமையைக் குறைக்கும் எந்த அலகும் இந்த மலைக்கு ஏறி வரவில்லை, பாதையே இல்லை. இந்தக் கூட்மென்தான் (இலேர் வீட்டைத் தவிர) ஒவ்வொரு வீடாகக் கூரை போட்டது. எங்களிடம் பணம் இருந்ததில்லை, ஆள் இருந்தது. ஏழைகளுக்கு உதவ எழுதிய ஒப்பந்தம், ஏழைகளிடம் இருந்த ஒரே சொத்தைக் குற்றம் என்கிறது. உலகில் வேறு எங்கோ மனிதர்களைப் பூட்டி வைத்து வேலை வாங்குகிறார்கள், அதற்காகத்தான் அந்தக் கேள்விகள் என்று எனக்குத் தெரியும். கேள்விகள் இருக்கட்டும். பதிலை முழுதாகக் கேட்கும் பொறுமையும் கூட இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

9. மூட்டைகள் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இருக்கின்றன. மழை நிற்கவில்லை. ஈரக் காற்றில் கொக்கோ அதிக நாள் தாங்காது, பூஞ்சை பிடித்துவிடும். தினமும் காலையில் இரண்டு பேர் மூட்டைகளைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறோம். இந்த மாதம் 20ஆம் தேதி கப்பலை விட்டால் அடுத்தது பிப்ரவரியில். அப்போது கப்பலில் ஏற்ற எங்களிடம் நாற்றம்தான் இருக்கும். ஓர் ஆண்டு உழைப்பு போனால், இந்த முறை குவாதலூப்புக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள், ஏனென்றால் பிள்ளைகள் மீதி இல்லை. நாங்கள்தான் போக வேண்டும்.

10. தடையை மறுபரிசீலனை செய்யத் தொண்ணூறு நாள் ஆகும், அலுவலகத்தில் இரண்டே எழுத்தர்கள்தான் இருக்கிறார்கள், கோப்புகள் கூரை வரை நிற்கின்றன என்று தங்கள் வரவேற்பறையில் சொன்னார்கள். இது கேட்டு மிகவும் வருந்தினோம். ஆள் இல்லாமல் ஒருவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஆகவே, கீழே கையெழுத்திட்ட நாங்கள், வருகிற திங்கட்கிழமை 12ஆம் தேதி காலை ஏழு மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்குக் கூட்மென் செய்ய வருகிறோம். நாற்பது பேர் நடந்தும், அனஸ்தாசி நாற்காலியோடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கோப்புகளை அடுக்குவார்கள். மற்றவர்கள் தூசி தட்டுவார்கள். எங்கள் கோப்பு எந்த அடுக்கில் இருந்தாலும் அதை எட்டும் வரை வேலையை விட்டுப் போவதாக இல்லை. கூலி வேண்டாம். முறைப்படி அலுவலகம் ஒரு சட்டி குழம்பு மட்டும் வைத்தால் போதும். சட்டி போதாது என்றால் நாங்கள் கொண்டு வருகிறோம், சங்கும் கொண்டு வருகிறோம்.

தாங்கள் அன்றே கையெழுத்திட்டு மூட்டைகளை விடுவித்தால், மாலைப் பேருந்துக்குள் கிளம்பிவிடுவோம். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையும் வேலை இருக்கும்.

மறுபடியும் தவறாக எழுதிவிடாமல் இருக்க இதையும் தெளிவாகக் குறிப்பிடுகிறேன்: எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. நாங்களாகவே வருகிறோம்.

இப்படிக்கு, தங்கள் வேலையில் பங்கெடுக்கக் காத்திருக்கும்,

யூஃப்ரோசின் லாரோந்த்
(மற்றும் நாற்பது பேரின் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

இடம்: மோர்ன் பெர்தீ
நாள்: 09.12.2022